சேந்துச்சா என்று கேட்டவர்

"அனுப்பினியான்னு நான் கேக்கல. சேந்துச்சான்னு கேட்டேன்."

செஞ்சியில் அவரோடு வேலை பார்த்த நான்கு வருஷங்களில் இந்த வாக்கியத்தை நான் கேட்காத நாள் இல்லை. பாடம் படிக்க வந்த பிள்ளைகளிடம் சொல்வார். டீ கொண்டுவருபவரிடம் சொல்வார். எங்கள் முதலாளி, மைத்துனருக்குக் கடிதம் போட்டாயிற்று என்று சும்மா பேச்சுக்குச் சொன்னபோதும், மரியாதையாக எழுந்து நின்று இதையே கேட்டார். என்னிடம் மட்டும், கேட்டே ஆகவேண்டிய ஒரு நாளில், பாதி கேட்டு நிறுத்திவிட்டார். அதனால் அவருக்குப் போகவேண்டிய வேலை எனக்கு வந்தது. அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்து, மாலையெல்லாம் போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் மனசுக்குள் அவரை 'அவன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது 'அவர்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் எழுதவேண்டும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. செஞ்சி கடைத்தெருவில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்கு மேலே எங்கள் பயிற்சி நிலையம் இருந்தது. முன்னறையில் டைப்ரைட்டிங், பின்னறையில் தந்தி. மண்டி முதலாளிதான் எங்களுக்கும் முதலாளி. கீழே மூட்டை இறக்குகிற சத்தமும் மல்லாட்டைத் தூசியும் படியேறி வந்துகொண்டே இருக்கும். ரயில்வேயிலும் தபால் தந்தியிலும் வேலைக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளைகள் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். நான் பி.ஏ. படித்தவன், எங்கள் கத்தோலிக்கக் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தந்தி வகுப்பில் பாதி என்னுடையது. மறு பாதிக்கு முதலாளி எங்கிருந்தோ அவரைக் கொண்டுவந்தார். பத்தாவது முடித்தவர். பட்டாளத்தில் தந்திக் கம்பி இழுக்கும் பிரிவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். தொண்டூர்க்காரர், சமணக் குடும்பம்.

தந்தி கற்றுக்கொடுப்பது அப்போது எளிய விஷயம். இந்த மூலையில் ஒருவன் தந்திச் சாவியைத் தட்டுவான். அந்த மூலையில் இருக்கும் கருவி டக் டக் என்று ஒலிக்கும். அங்கே ஒருவன் கேட்டு எழுதுவான். நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்பதுதான் கெட்டிக்காரத்தனம். என் பிள்ளைகள் வேகத்தில் பேர்போனவர்கள்.

அவர் வந்த இரண்டாம் வாரம் ஒரு பழைய ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, மேல்பலகையில் நான்கைந்து சுவிட்சுகளும் ஒரு சாவியும் பொருத்தியிருந்தார். இரண்டு மூலைகளுக்கும் நடுவே கோணிச் சாக்கில் ஒரு திரை கட்டி, கம்பியை நடுவில் வெட்டி, இரு முனைகளையும் அந்தப் பெட்டிக்குள் விட்டார். பிறகு திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"அனுப்புங்கடா," என்றார்.

ஒருவன் அனுப்பினான். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா' என்று செய்தி. மறு முனையில் இருந்தவன் 'அம்மாவுக்கு உடம்பு சரி, வா' என்று எழுதியிருந்தான். நடுவில் அவர் சுவிட்சை ஒரு கணம் அணைத்துச் சில வார்த்தைகளை விழுங்கியிருந்தார். அடுத்த செய்தியை இரண்டு முறை அனுப்பினார். அதற்கடுத்த இரண்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பின்னால் வந்ததை முன்னால் விட்டார். ஒரு சுவிட்சைப் போட்டால் மின்சார மணியிலிருந்து எடுத்த ஏதோ ஒரு துண்டு கரகரவென்று இரைந்து எல்லாவற்றையும் குழப்பும். பிள்ளைகள் அதற்குச் சைத்தான் பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

"இன்னா சார் இது, நாங்க ஒழுங்கா அனுப்பறோம், நீங்க நடுவுல பூந்து கெடுக்கறீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போற எடத்துல மழ கெடுக்கும். காக்கா கெடுக்கும். நடுவுல இருக்கற ஆபீஸ்ல ஒருத்தன் தூங்கிக் கெடுப்பான். அவங்கல்லாம் உங்கிட்ட சொல்லிட்டா கெடுப்பாங்க? இப்பவே என்னால எவ்ளோ முடியுமோ கெடுத்துப் பாத்துக்கறேன். அதுக்கப்புறமும் சேந்துச்சுன்னா, அதான் தந்தி."

ஒவ்வொரு கோளாறையும் ஒரு நீள நோட்டில் எழுதுவார். இடது பக்கம் கோளாறு, வலது பக்கம் அதைக் கண்டுபிடிக்க என்ன வழி. வார்த்தைகளை எண்ணி முதலிலேயே சொல். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நம்பர் போடு. அதே நம்பர் மறுபடி வந்தால் தள்ளிவிடு. இடையில் ஒரு நம்பர் இல்லாவிட்டால் கேள். பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. கையெழுத்து அச்சுப் போல இருக்கும். நான் அந்த நோட்டை அவர் இல்லாதபோது எடுத்துப் படிப்பேன். ஒரு குறையாவது கண்டுபிடிக்கலாமென்றுதான் படிப்பேன். கிடைக்காது. மூடி வைத்துவிட்டு, 'பத்தாங்கிளாஸ்' என்று சொல்லிக்கொள்வேன்.

அவருக்கு அது பாடம் மட்டும் அல்ல, வாழ்க்கையே அப்படித்தான். புதுப் பூட்டு வாங்கினால் முதல் வேலையாகச் சாவியில்லாமல் திறக்க முடிகிறதா என்று பார்ப்பார். புதுக் குடையைச் சித்திரை வெயிலில் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பிடிப்பார். தபால் போட்டால் ஜோடிக் கார்டுதான் போடுவார். இரண்டு கார்டு ஒட்டினாற்போல் வரும், ஒன்றில் நாம் எழுத, மற்றதை வாங்கியவர் கிழித்துப் பதில் எழுத. ஒற்றைக் கார்டு அவர் கையில் நான் பார்த்ததில்லை.

ஒரு சமயம் வெள்ளிக்கிழமை ஊருக்கு வருவதாகத் தன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவேண்டியிருந்தது. பஸ் கண்டக்டரிடம் சொன்னார். பூ விற்கிற அம்மாளிடம் சொன்னார். தொண்டூருக்கு உரமூட்டை ஏற்றிப்போன வண்டிக்காரரிடமும் சொன்னார். எவர் மூலம் போனது முதலில் சேர்கிறது, எது தொலைகிறது என்று பார்க்க ஆசை. மூன்றுமே சேர்ந்துவிட்டன. திங்கட்கிழமை அவர் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு மண்டி ஆட்கள்கூட மேலே ஏறி வந்து சிரித்தார்கள்.

"எங்கம்மா மூணு வேளக்கி ஆக்கி வச்சிட்டு உக்காந்துனு இருக்குது. இன்னாம்மா இதுன்னா, 'மூணு பேரு வந்து சொன்னாங்களேடா, நீ மூணு தபா வருவன்னு நெனச்சேன்'னுது!"

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சொல்லி அனுப்பும் செய்திக்கும் நம்பர் போட ஆரம்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் வண்டிக்காரரிடம், "ஏழு வந்துச்சுன்னு சொல்லு, ஆறு வரலன்னு சொல்லு," என்று திருப்பிச் சொல்லி அனுப்புவாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதைச் சொல்லி இத்தனை பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைத்திருக்கிறேன்?

பொறாமைக்குப் பெரிய காரணம் தேவையில்லை. முதலாளி டீ சொல்லும்போது முதல் டம்ளர் அவர் பக்கம் நகரும். பிள்ளைகள் என் வகுப்பில் வாசலைப் பார்ப்பார்கள். அவர் வகுப்பில் கருவியைப் பார்ப்பார்கள். என் சொந்தத் தங்கை பிலோமினா தந்தி கற்க வந்தபோது, என் வகுப்பில் ஒரு மாதம் இருந்துவிட்டு அவர் வகுப்புக்கு மாறிக்கொண்டாள்.

"ஏன், நான் நல்லா சொல்லித் தரலியா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சொல்லித் தர்ற. உன் கிளாஸ்ல ஒண்ணுமே தப்பா நடக்க மாட்டேங்குது அண்ணே. அதான் பயமா இருக்குது," என்றாள்.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

எவ்வளவு சின்ன மனிதனாக இருந்தேன் என்பதற்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சமணர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குமுன் அவர் தன் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்துவிடுவார். அதற்கு முன் ஜன்னல் வழியாக மலையை ஒரு பார்வை பார்ப்பார். அதுதான் அவர் கடிகாரம். ஒரு நாள் மாலை அவர் பாத்திரத்தில் கைவைத்த நேரத்தில் போய் நின்று, ஏதோ ஒரு விதியில் சந்தேகம் என்றேன். நான் சந்தேகம் கேட்டதே அவருக்குச் சந்தோஷம். நோட்டை விரித்து விளக்க ஆரம்பித்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அவர் தோளுக்கு மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டை கறுத்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தை மூடினார்.

"பரவால்ல சார். சோறு நாளைக்கும் இருக்குது. இப்டி ஒரு கேள்வி நாளைக்கி வராது," என்றார்.

அவர் சிரித்த அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். என் சூது அவருக்குப் புரிந்திருந்தால்கூட இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

அந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு முன் முதலாளி ஒரு போட்டி வைத்தார். என் பிள்ளைகள் இருவர், அவர் பிள்ளைகள் இருவர். பத்துத் தந்திகள்; எத்தனை என்று அனுப்புகிறவருக்கு மட்டும்தான் சொல்வது. நடுவில் பெட்டி. என் பிள்ளைகள் அனுப்பும்போது அவர் கெடுப்பார், அவர் பிள்ளைகள் அனுப்பும்போது நான் கெடுக்கலாம் என்று அவரே சொன்னார். "அப்பதான் நியாயமா இருக்கும் சார்."

என் பிள்ளைகள் காற்றாய்ப் பறந்தார்கள். பத்தில் ஆறு தவறாகச் சேர்ந்தது. ஆறும் தவறென்று அவர்களுக்கே தெரியவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பிறகு நான் திரைக்குப் பின்னால் போனேன். அந்தப் பக்கம் அனுப்புவது பிலோமினா. நான் விளையாட்டுக்கு உட்காரவில்லை. விழுங்கினேன், அவள் வார்த்தை எண்ணிக்கை உதைக்கிறதென்று மறுமுனை கேட்டு வாங்கியது. இரட்டித்தேன், நம்பரைப் பார்த்துத் தள்ளினார்கள். இரைச்சலைப் போட்டேன்; பொறுத்திருந்து மறுபடி அனுப்பினாள். எட்டுத் தந்தி போய்விட்டது. ஒன்பதாவதை அவள் அனுப்பியபோது நான் அதை மறுமுனைக்கு விடவே இல்லை. அதற்குப் பதில், மறுமுனை அனுப்புவதுபோல நானே சாவியைத் தட்டி, 'ஒன்பது சரி' என்று அவளுக்குப் பதில் கொடுத்தேன். அவள் நம்பிவிட்டாள். பத்தாவதையும் அதேபோல் விழுங்கி, 'பத்து சரி' என்றேன். மறுமுனைக்கு இன்னும் தந்தி இருக்கிறதென்றே தெரியவில்லை. போட்டி முடிந்ததாக எல்லோரும் எழுந்தார்கள். எண்ணிப் பார்த்தால் எட்டுத்தான் இருந்தது.

நான் ஜெயித்ததாக நினைத்தேன். அவர் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் பண்ணீங்க! வாங்காதத வாங்கிட்டேன்னுட்டு, மேல அனுப்பாம வச்சிக்கறது! எனக்குத் தோணவே இல்லியே இது! பி.ஏ.ன்னா பி.ஏ.தான்!"

அப்போதே நோட்டைத் திறந்து எழுதினார். இடது பக்கம்: 'நடுவில் இருப்பவர், சேர்ந்தது என்கிறார். சேரவில்லை.' பக்கத்திலேயே என் பெயர், கண்டுபிடித்தவர் என்று. வலது பக்கம் ஒரு வாரம் காலியாக இருந்தது. பிறகு எழுதினார்: 'நடுவில் இருப்பவர் பதிலை நம்பாதே. கடைசி ஆளையே கேள்.'

அதற்குப் பிறகு அவருடைய வாக்கியத்துக்கு ஒரு வால் முளைத்தது. சேந்துச்சா என்று கேட்பார். சேர்ந்தது என்றால், "யாரு சொன்னது?" என்பார்.

பிலோமினாவும் நானும் வீட்டுக்குத் திரும்பினோம். கிறிஸ்து அரசர் சிலை வைத்த கெபியண்டை வந்ததும், "அந்தச் 'சரி' நீதானா அண்ணே?" என்றாள்.

"விளையாட்டுத்தான," என்றேன்.

"ஆங்," என்றாள்.

மறு வருஷம் சென்னையில் ஒரு பெரிய தந்திப் பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியர் தேவையென்று பத்திரிகையில் வந்தது. ஒரே ஒரு இடம். பட்டம் வேண்டும், அல்லது ஐந்து வருஷ அனுபவம் வேண்டும். அவருக்குப் பட்டாளத்து அனுபவம் சேர்த்தால் தகுதி இருந்தது. ஆனால் வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. இது போனால் அவருக்கு வேறு இல்லை. அவர் அந்த அறிவிப்பை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

"அங்க நெசக் கம்பி இருக்குதாம் சார். ஒரு முனையிலேருந்து மறு முனைக்கு அறுபது எழுபது மைலு. இது மாதிரி சாக்குத் திரையெல்லாம் இல்ல. அதுல நம்ம பெட்டிய வச்சிப் பாக்கணும்." சொல்லும்போது முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அவர் தனக்கென்று எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒன்றுதான்.

எனக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. பட்டம் இருந்தது, வேறு எங்கும் போயிருக்கலாம். அவர் ஆசைப்பட்டார் என்பதாலேயே நானும் விண்ணப்பம் எழுதினேன். அவரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். "ரெண்டு பேர்ல யாருக்குக் கெடச்சாலும் பெட்டி போய்ச் சேந்துடும்," என்றார்.

நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது நல்லதென்று அறிவிப்பில் இருந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் நான் சென்னைக்குக் கிளம்பினேன். அவர் பிள்ளைகளுக்கு அன்று பரீட்சை, விட்டுவிட்டு வரமுடியாது. பஸ் கிளம்புகிற நேரத்தில் தன் உறையை என்னிடம் கொடுத்தார். மூலையில் பென்சிலால் '42' என்று எழுதியிருந்தது. அவர் எதற்கும் நம்பர் போடாமல் அனுப்ப மாட்டார்.

அந்தப் பள்ளியின் ஜன்னலில் ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். என் பைக்குள் இரண்டு உறைகள் இருந்தன. கையை விட்டேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "அவ்வளவுதானா?" என்று எழுத்தர் கேட்டார். வரிசையில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். "அவ்வளவுதான்," என்றேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. யோசித்து முடிவு செய்ததாகவும் நினைவில்லை. வரிசையில் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு விலகினேன். திரும்பி வரும்போது மேல்மருவத்தூர் தாண்டும் வரை, இப்போது இறங்கினால்கூட நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் வந்தது. செஞ்சி பஸ்ஸில் மாறி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அவர் படியிலேயே நின்றிருந்தார்.

"சேந்துச்சா சார்?"

"சேர்ந்தது. கொடுத்துட்டேன்."

அவர் வாய் திறந்தது. "யாரு" என்று வந்தது. ரசீதைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். என்ன சொல்வதென்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"நீங்களே சொல்றீங்க. போதும் சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அழைப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. எனக்கு வேலையும் வந்தது.

நான் கிளம்பிய நாளில் பஸ் நிலையத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடிப்பலகையில் புதுத் திருகுகள் பளபளத்தன. "இது உங்ககிட்டதான் இருக்கணும். நம்பர் நாப்பத்தி மூணு. சேந்ததும் எழுதுங்க," என்று ஒரு ஜோடிக் கார்டைக் கையில் திணித்தார். பெட்டி சேர்ந்தது என்று எழுதிப் போட்டேன். பத்து நாளில் இன்னொரு ஜோடிக் கார்டு வந்தது. அதில் ஒரே கேள்வி: 'பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?' கம்பி ஏதாவது அறுந்திருக்கிறதா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். திறக்கவில்லை. மேஜைக்கடியில் கிடந்த அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, 'பார்த்தேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது' என்று எழுதினேன். அதன்பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

அந்தப் பெட்டியால்தான் எனக்குப் பெயர் வந்தது. அதை வைத்துக் கற்றுக்கொடுத்த முறைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. யார் செய்தது என்று கேட்டால், "ஊரில் இருக்கும்போது உருவாக்கியது," என்பேன். யார் உருவாக்கியது என்று சொல்ல மாட்டேன். கோளாறு செய்வதற்கென்றே செய்த அந்தப் பெட்டி ஒருநாளும் கோளாறாகவில்லை. அதனால் அதன் திருகுகளைக் கழற்றவேண்டிய அவசியமே வரவில்லை. ஓய்வு பெறும்போது அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்மேல் வைத்தேன்.

செஞ்சிக்கு நல்லது கெட்டதற்கு மட்டும் போவேன். கடைத்தெருப் பக்கம் போக மாட்டேன். எங்கள் அம்மா அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தேன். நரைத்திருந்தார். நான் பக்கத்துச் சுவர் ஓரமாக வெளியே போய்விட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

போன தவக்காலத்தில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பரணை ஒழித்தார்கள். பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. தூக்கியதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே, பலகைக்கு மேல்புறம், மெழுகுத்தாளில் சுற்றி ஒரு கார்டு ஒட்டியிருந்தது. ஜோடிக் கார்டின் பதில் பாதி. அந்தச் சென்னைப் பள்ளியின் எழுத்தர் எழுதியது: 'தங்கள் பெயரில் விண்ணப்பம் எதுவும் வரவில்லை.' நான் சேர்ந்தது என்று சொன்ன அடுத்த வாரத்துத் தேதி. நேர்முகத்துக்கு முந்தியது. என் முகத்தைப் பார்த்துப் போதும் என்றவர், அதே வாரம் கடைசி ஆளையே கேட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறார்.

கார்டின் கீழே அச்சுப் போன்ற எழுத்து.

'42 சேரவில்லை. பஸ்ஸில் தொலைந்ததா, கொடுக்க மறந்துவிட்டீர்களா, வேறு எதுவுமா? எதுவானாலும் எழுதுங்கள். வேலை உங்களுடையது, அதில் எனக்கு ஒன்றும் இல்லை. கோளாறு எந்த இடத்தில் என்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும்.'

இதற்குத்தான் நான், பார்த்தேன், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று பதில் எழுதியிருக்கிறேன்.

நாற்பத்திரண்டாம் நம்பர் உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போட அன்றைக்கும் கை வரவில்லை. அதையும் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிலோமினாவுக்குப் போன் செய்தேன். அவள் செஞ்சியிலேயே வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருக்கிறாள்.

"தொண்டூர் சார் இருக்காரா?" என்றேன்.

"அவரு போயி ஆறு வருஷம் ஆவுதேண்ணே. ஒனக்கு எம் பெரிய பையன்கிட்ட சொல்லி அனுப்புனனே. சேரலியா?"

"இல்ல. என்னப் பத்தி எப்பவாச்சும் கேட்டாரா?"

"கேக்காம? மார்க்கெட்ல பாத்தாலும் சரி, ஆஸ்பத்திரியில பாத்தாலும் சரி, ஒரே கேள்விதான். 'உங்கண்ணன் பெட்டியத் தெறந்தாரா?' நானும், 'தெறந்துட்டாராம் சார், உங்களுக்கே எழுதனாராமே'ம்பேன். 'யாரு சொன்னது?'ன்னு சிரிப்பாரு. கடைசியா படுக்கையில இருக்கும்போதும் கேட்டாரு. அதுல இன்னாண்ணே இருந்துச்சு?"

சொன்னேன். ஜன்னல், எழுத்தர், உறை, கார்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு என் கையில்தான் நடந்தது, தெரிந்துதான் செய்தேன் என்றேன். எண்பது வயதுக் கிழவன் குரல் உடைந்து பேசினால் கேட்கிறவருக்கு இரக்கம் வரும் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேனோ என்னவோ.

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"பிலோமினா, கேக்குதா?"

"கேக்குது," என்றாள். "என்கிட்ட சொல்லி இன்னா பண்றது அண்ணே? நான் நடுவுல இருக்கறவ."